மலடனைத் தேடி

மலாயா சுதந்திரம் வாங்கிய அடுத்த வருஷம் என் பாட்டியின் அண்ணனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அவருக்கு இருபது வயது, பாட்டிக்குப் பதினான்கு. சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். பாட்டிக்கு வருஷம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்கு மெர்டேக்கா காரணமில்லை. ஒரு சங்கிலிதான் காரணம். இந்த நோய் வந்தவர் கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் வற்றும் என்பது நம்பிக்கை. வீட்டிலிருந்த ஒரே பொன், பாட்டி வயசுக்கு வந்தபோது போட்ட மெல்லிய சங்கிலி. அதைக் கழற்றி அண்ணனுக்குப் போட்டார்கள். வீக்கம் வற்றியது. சங்கிலி அப்படியே அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை.

"முகம் மட்டுமா வீங்குச்சு? ஒரு மாசம் காலை அகட்டி அகட்டித்தான் நடந்தாரு. நான் சிரிச்சேன்னு அம்மா தொடையில கிள்ளிட்டாங்க," என்றார் பாட்டி.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. எட்டு வருஷம் குழந்தை இல்லை. பெரிய அண்ணி வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். தோட்டத்து டிரெஸ்ஸரிடம் காட்டினார். யார் யாரோ சொன்ன வேர், பட்டை எல்லாம் குடித்தார். பத்துமலையில் அடுத்தவர்கள் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்துகொண்டு படியேறுவதைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாராம். 1968இல் அண்ணனுக்கு இரண்டாவது கல்யாணம் செய்து வைத்தார்கள். சின்ன அண்ணிக்கும் பிறக்கவில்லை. அதற்கப்புறம் தோட்டத்தில் அந்த வீட்டுக்கே ஒரு பெயர் விழுந்தது: ரெண்டு மலடி வீடு.

"ரெண்டு பேருக்குமா இல்லாமப் போகும்னு யாருமே யோசிக்கலையா பாட்டி?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையை மடித்தார். "ராசின்னாங்க," என்றார்.

நான் இதைக் கேட்டது சும்மா இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். அதில் இரண்டு வருஷம் என் மனைவி ஒரு கிளினிக்குக்குப் போய் வந்தார். ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள், கருக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே அன்று அவர் வலியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் காரோட்டினேன், பில் கட்டினேன். அந்த இரண்டு வருஷத்தில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேறொரு கிளினிக்குக்கு மாறியபோது, புது டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்களுடையது எங்கே?" என்றார். மிஸ்ஸி ஒரு சின்ன டப்பாவில் என் பெயரை எழுதி நீட்டினார். இருபது நிமிட வேலை, ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து வந்த இருபது நிமிடம்.

ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லியன் விந்தணுக்கள் என்று வந்தது ரிசல்ட். அந்தத் தாளைப் படிக்கத் தெரியாமல்தான் நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, என் கதை என் கதையாக மட்டும் இல்லை. அந்த டப்பா ஆணின் கைக்கு வந்து சேர மருத்துவத்துக்கே ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷம் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் விந்தணுவைக் கண்டுபிடித்தது கருமுட்டையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால். 1677இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹூக்கிடம் யோஹன் ஹாம் என்ற மாணவர் ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். வெட்டைநோய் வந்த ஒருவனின் விந்து. அதில் வாலுள்ள சின்ன உயிர்கள் நீந்துவதாகவும், நோயால் அழுகி உண்டானவையாக இருக்கலாம் என்றும் ஹாம் சொன்னார். லேவன்ஹூக் நலமாக இருந்த தன்னுடையதையே வைத்துப் பார்த்தார். அதிலும் நீந்தின. லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், இதைப் பாவ வழியில் எடுக்கவில்லை, மனைவியுடன் கூடியபின் மிஞ்சியதுதான் என்று அவர் முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறார். அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் எழுதுகிறார். முந்நூற்றைம்பது வருஷம் கழித்து, டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு லேப் கவுண்டருக்கு நடந்த எனக்கு அந்த மனிதரை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

பார்த்தாயிற்று. ஆனால் எதற்கு என்று தெரியவில்லை. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்ஸானி ஆண் தவளைகளுக்குச் சின்னக் கால்சட்டை தைத்துப் போட்டு, விந்து முட்டைமேல் படாவிட்டால் கரு உண்டாகாது என்று காட்டினார். விந்தை வடிகட்டியும் பார்த்தார். வடிந்த நீருக்குக் கருவூட்டும் சக்தி போய்விட்டது, தாளில் தங்கியதற்கு இருந்தது. விடை கையிலேயே இருந்தது. ஆனாலும் அந்தப் 'புழுக்களுக்கு' இதில் வேலையில்லை என்றே அவர் முடிவு கட்டினார். விந்தணுவின் கரு முட்டையின் கருவோடு இணைவதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் முட்டையில் பார்த்தது 1876இல். நடுவில் இரண்டு நூற்றாண்டு.

அந்த இரண்டு நூற்றாண்டும், அதற்கு முன்பும் பின்பும், ஓர் ஆணிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். முடியுமா, முடியாதா? முடிகிறவனுக்குப் பிள்ளை பிறந்தாக வேண்டும். பிறக்காவிட்டால் நிலத்தில் கோளாறு. நம் மொழியும் இதைத்தான் செய்கிறது. மலடி என்ற சொல் தெருவில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம். மலடன் என்று சொல்ல இலக்கணம் இடம் கொடுக்கும், ஆனால் என் காதால் நான் கேட்டதில்லை. ஆணுக்கு இருப்பது 'ஆண்மையில்லாதவன்'. அது படுக்கையைப் பற்றிய சொல், விந்தணுவைப் பற்றியது இல்லை. படுக்கையில் எந்தக் குறையும் இல்லாத ஒருவனின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம் என்பதைச் சொல்ல எங்கள் தோட்டத்தில் ஒரு வார்த்தை இருக்கவில்லை. வார்த்தை இல்லாததால் அந்த எண்ணமும் வரவில்லையா, அல்லது எண்ணம் வந்துவிடக்கூடாது என்றுதான் வார்த்தை இல்லையா?

எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஏனென்றால் தெரிந்திருக்கிறது. எட்டு வருஷம் பிள்ளை பெறாத மனைவியை விட்டு வேறொருத்தியைக் கட்டலாம் என்று மனுஸ்மிருதி சொல்கிறது. அதே நூல்தான் கணவனால் வாரிசு இல்லாதபோது வேறொரு ஆண் மூலம் பெற்றுக்கொள்கிற நியோகத்தைப் பற்றியும் பேசுகிறது. பேசிவிட்டுக் கண்டிக்கவும் செய்கிறது. மகாபாரதத்தில் பாண்டுவும் திருதராஷ்டிரனும் வியாசருக்குப் பிறந்தவர்கள். பாண்டவர்களில் ஒருவர்கூடப் பாண்டுவுக்குப் பிறக்கவில்லை. நம் மாபெரும் காவியத்தின் குடும்ப மரமே ஆண் பக்கத்துக் குறையில்தான் கிளைத்து நிற்கிறது. 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலில் திருவிழாவின் ஓர் இரவு வருகிறதே, அதன் அடியில் இருப்பதும் இந்த அறிவுதான். வேறோர் ஆண் என்றால் பிறக்கலாம் என்று ஊர் நம்புகிறது என்றால், இந்த ஆணால் பிறக்காமல் இருக்கலாம் என்பது ஊருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில் பெண்ணின் மானம், ஊரின் மானம் என்று நிறையப் பேசினார்கள். இந்த ஒன்றை யாராவது பேசினார்களா என்று பழைய கட்டுரைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேற்கிலும் கதை வேறில்லை. 1866இல் நியூயார்க்கின் மேரியன் சிம்ஸ், தம்பதி கூடியபின் பெண்ணின் உடலிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, விந்தணு இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதினார். ஆணின் பங்கைச் சோதித்த முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஆணைச் சோதிக்கவும் மேசைமேல் படுத்தவள் பெண்தான். (இதே சிம்ஸ் தன் அறுவை சிகிச்சைகளைக் கற்றது அலபாமாவில் அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்களாவது வரலாற்றில் தப்பிப் பிழைத்தன.) கணவனின் விந்தை உள்ளே செலுத்தும் முயற்சியை அவர் ஆறு பெண்களிடம் 55 முறை செய்தார். ஒரே ஒரு கர்ப்பம், அதுவும் கலைந்தது.

நான் படித்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1884இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. ஒரு வணிகரும் மனைவியும் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்டிடம் வருகிறார்கள். பிள்ளையில்லை. பான்கோஸ்ட் அந்தப் பெண்ணை மாணவர்கள் முன்னிலையில் விரிவாகச் சோதிக்கிறார். ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கணவனின் விந்தைப் பார்க்கத் தோன்றுகிறது. விந்தணுவே இல்லை. இளமையில் வந்த வெட்டைநோய் பாதையை அடைத்திருந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தும் மாறவில்லை. இன்னொரு சோதனை என்று சொல்லி அந்தப் பெண்ணை வரவழைத்து, குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, வகுப்பிலேயே அழகானவன் என்று தேர்ந்தெடுத்த மாணவன் ஒருவனின் விந்தைச் செலுத்தினார்கள். கணவனுக்கே பிறகுதான் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லையாம். மனைவிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆண் குழந்தை பிறந்தது.

இருபத்தைந்து வருஷம் இதை யாரும் வெளியே சொல்லவில்லை. பான்கோஸ்ட் இறந்து வெகுநாள் கழித்து, அன்று அந்த அறையில் இருந்த மாணவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்ட் 1909இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகிவிட்டான், அவன் கையைக் குலுக்கினேன் என்றும் எழுதினார். தானமாகப் பெற்ற விந்தால் நடந்த முதல் சிகிச்சை என்று மருத்துவ வரலாறு இதைக் குறித்துவைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் வேண்டியிருக்கிறது. குறை தன்னிடம் இல்லை என்ற ஒரே ஒரு செய்தி, அது மட்டும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. டாக்டர் எதையோ சரிசெய்து தன்னைக் குணப்படுத்திவிட்டார் என்று நம்பியே அவள் அந்தக் குழந்தையை வளர்த்திருப்பாள்.

எண்ணுவது தொடங்கியது இன்னும் பின்னால். 1929இல் பாஸ்டனில் மகோம்பரும் சாண்டர்ஸும் ரத்த அணுக்களை எண்ணுகிற கண்ணாடிக் கட்டத்தை விந்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 60 மில்லியனுக்கு மேல் இருந்தால் நல்லது என்றார்கள். 1951இல் ஜான் மெக்லியோட் தகப்பனான ஆயிரம் பேரையும் குழந்தையில்லாத ஆயிரம் பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். 20 மில்லியனுக்குக் கீழே இருந்தவர்கள் குழந்தையில்லாதவர்களில் நூற்றுக்குப் பதினாறு, தகப்பன்களில் நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தைக் கவனியுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தும் அப்பாவானவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கவே முடியவில்லை. ஆனாலும் கோடு கிழித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1980இல் விந்துப் பரிசோதனைக்கென ஒரு கையேடு வெளியிட்டது. அந்த முதல் பதிப்பு அச்சானது சிங்கப்பூரில். அதிலிருந்து 20 மில்லியன் என்பது நீண்டகாலம் எல்லை. 2010இல் அது 15 ஆனது, 2021இல் 16.

இந்தக் கீழ்வரம்பு பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி இல்லை என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையில் நிறுத்தி, கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே தொடங்குகிறார்களோ அந்த இடம், அவ்வளவுதான். வடிவத்துக்கான எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். நூறில் நான்கு விந்தணுக்கள் ஒழுங்கான வடிவத்தில் இருந்தால் போதும். தொண்ணூற்றாறு கோணலாக இருக்கலாம். இயற்கை ஆணை இவ்வளவு அலட்சியமாகத்தான் செய்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். "இது தெரிஞ்ச விஷயந்தானே," என்றார்.

புது டாக்டர் அந்த 4 மில்லியனைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா என்று. வந்திருந்தது. டெங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அதனால் இன்றைய டப்பாவில் இருப்பது இன்றைய உடம்பு இல்லை, இரண்டரை மாதத்துக்கு முந்தைய உடம்பு. கடும் காய்ச்சலின் சூடு அந்த வரிசையையே கலைத்துவிடும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாரையும் எதுவும் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்தோம். 9 மில்லியன். கூடவே இடது பக்கம் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, வெரிகோசீல் என்றார்கள். விரைப்பையின் சூட்டைக் கூட்டுகிற சமாசாரம். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இருக்கும், அவர்களில் பலர் ஒரு தொல்லையும் இல்லாமல் தகப்பனாகிவிடுவார்கள்.

விஷயம் கசிந்ததும் வீட்டுக்கு மருந்துகள் வரத் தொடங்கின. நண்பன் ஒருவன் தொங்காட் அலி காப்பி ஒரு பெட்டி கொண்டுவந்தான். முடியுமா முடியாதா என்ற அதே பழைய கேள்விக்கான மருந்து, என் பிரச்சினை அது இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஆண்களுக்கென்று விற்கிற சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 2,370 தம்பதிகளின் ஆண்களுக்கு ஆறு மாதம் இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. புகைப்பதை நிறுத்துவது, உடல் எடையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது என்று டாக்டர் சொன்னவை காசு செலவாகாதவை. அதனாலேயே யாரும் பரிசாகக் கொண்டுவருவதில்லை. ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று: டெஸ்டோஸ்டிரோன் ஊசி தசையை ஏற்றும், விந்தணு உற்பத்தியை நிறுத்தும். வெளியிலிருந்து வருகிறதென்று தெரிந்ததும் மூளை விந்தகத்துக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடும். இதே ஊசியை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகப் பரிசோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. வேலை செய்தது.

எனக்குத் தீர்வாகச் சொல்லப்பட்டது இக்சி. அதன் கதையில் நம் பக்கத்து ஊரும் வருகிறது.

1978இல் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது ஐவிஎஃப் என்பது கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்கான வழி. முட்டையையும் விந்தையும் ஒரு தட்டில் சேர்த்து வைத்தால் மிச்சத்தை விந்தணு பார்த்துக்கொள்ளும். விந்தணுவே பலவீனமாக இருந்தால்? மறுநாள் காலை தட்டைத் திறந்தால் முட்டை அப்படியே இருக்கும். ஊசி, மருந்து, அறுவை எல்லாம் முடிந்து, கடைசியில் ஆணின் பக்கத்தில் கதவு சாத்திக்கொள்ளும். 1980களில் உலகம் முழுக்க லேப்கள் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. சிங்கப்பூரில் எஸ். எஸ். ரத்னம் தலைமையிலான குழு 1983இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஐவிஎஃப் குழந்தையைப் பிறக்க வைத்திருந்தது. ரத்னம் இலங்கையிலிருந்து வந்தவர். அந்தக் குழுவின் இங் சூன் சாய், இலங்கையில் பிறந்த கால்நடை மருத்துவரான ஆரிஃப் போங்சோ, முட்டைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்த சதானந்தன் ஆகியோர் சேர்ந்து, முட்டையின் கெட்டியான வெளியுறைக்கு அடியில் விந்தணுக்களை நுண்ணூசியால் கொண்டுபோய் விட்டார்கள். தானாக நீந்தி உறையைத் துளைக்க முடியாததற்கு வாசலைத் திறந்துவிடுவது மாதிரி. அதில் உண்டான கர்ப்பத்தை 1988இல் லான்செட் இதழில் அறிவித்தார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னைப் போன்றவனுக்காக முதலில் மெனக்கெட்டவர்களில் ரத்னமும் சதானந்தனும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் உறைக்கு அடியில் விட்டாலும் பெரும்பாலும் உள்ளே போகவில்லை. சிலசமயம் ஒன்றுக்கு மேல் போய்க் கெடுத்தது. பிரஸ்ஸல்ஸில் இதே முறையைச் செய்துகொண்டிருந்த ஜான்பியெரோ பலெர்மோவின் ஊசி ஒருநாள் தவறுதலாக உள்சவ்வையும் தாண்டிவிட்டது. விந்தணு முட்டைக்குள்ளேயே விழுந்தது. கெட்டுப்போயிருக்க வேண்டிய முட்டை கருவாயிற்று. 1992இல் லான்செட்டில் வந்த அந்தச் சின்னக் கட்டுரைதான் இக்சி. இனி மில்லியன் கணக்கில் வேண்டாம், ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். சீக்கிரமே, விந்தில் ஒன்றுகூட இல்லாத ஆண்களின் விந்தகத்திலிருந்து நேரடியாக எடுத்தும் செய்தார்கள்.

பாட்டியின் அண்ணனுக்கு அன்று இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்தால் விரையும் வீங்குவதுண்டு. இரண்டு பக்கமும் வீங்கினால், அரிதாக, விந்தணு அற்றுப்போகலாம். அவருக்கு அதுதான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். எண்ணிப் பார்க்காத ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது?

இக்சியைக் கொண்டாடிவிட்டு இங்கேயே நிறுத்தியிருப்பேன், அதைக் கூடவிருந்து பார்க்காமல் இருந்திருந்தால். குறை என்னுடையது. ஊசி என் மனைவிக்கு. இரவு ஒன்பது மணிக்கு வயிற்றில், பதினோரு நாள். ஒரு மாதத்தில் ஒரு முட்டை தருகிற சூலகத்தைப் பத்துப் பன்னிரண்டு தரவைக்கிற ஹார்மோன். பிறகு மயக்கம் கொடுத்து, யோனி வழியே ஊசி விட்டு முட்டைகளை எடுப்பது. சிம்ஸின் மேசையில் படுத்த பெண்ணும் ஃபிலடெல்ஃபியாவில் மயக்கப்பட்ட பெண்ணும் எனக்கு அன்று நினைவுக்கு வந்தார்கள். ஆணின் குறையை மருத்துவம் கடைசியில் கண்டுபிடித்து, எண்ணி, வென்றும்விட்டது, ஆனால் இன்றும் பெண்ணின் உடம்பு வழியாகத்தான். அன்று காலையும் நான் செய்தது அதே இருபது நிமிட வேலைதான்.

இக்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது என்றும் இல்லை. தேர்ந்தெடுத்த அந்த ஒரு விந்தணு பார்க்க அழகாக இருக்கலாம், உள்ளே அதன் டிஎன்ஏ இழை அறுந்திருக்கலாம். முட்டை ஓரளவு தைத்துக்கொள்ளும். முட்டைக்கு வயதாகிவிட்டால் அந்தத் தையலும் விட்டுப்போகும். கரு மூன்றாம் நாள்வரை நன்றாக வளர்ந்து பிறகு நின்றுபோவதற்கும், ஒட்டிய கரு கலைவதற்கும் சிலசமயம் தகப்பன் பக்கமே காரணம். இன்னொன்று: பிரஸ்ஸல்ஸில் தொடக்க வருஷங்களில் இக்சியில் பிறந்த பையன்கள் வாலிபர்களானபோது அவர்களில் 54 பேரை 2016இல் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய விந்தணுச் செறிவு சாதாரணமாகக் கருவான வாலிபர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொத்தில் இதுவும் போகிறது. இதற்கிடையே ஆணிடம் எந்தக் குறையும் இல்லாத தம்பதிகளுக்கும் இக்சியே செய்கிற பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. வியட்நாமின் ஹோசிமின் நகரில் 1,064 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தால் பழைய ஐவிஎஃப்பைவிட இக்சி கூடுதலாக ஒன்றும் தருவதில்லை என்றது. ஒரு காலத்தில் ஆணைப் பார்க்காமலே சிகிச்சை செய்தார்கள். இப்போது ஆணைச் சரியாகச் சோதிக்காமலே அவனைத் தாண்டிப் போய்விடமுடிகிறது. ஒரு விந்தணு கிடைத்தால் போதுமே, அவன் ஏன் இப்படி ஆனான் என்று எதற்குப் பார்க்கவேண்டும்?

எங்கள் முதல் சுற்று கூடவில்லை. எட்டு முட்டைகள், ஐந்து கருக்கள், ஐந்தாம் நாளில் ஒன்று. அது ஒட்டவில்லை. மாமியார் தொலைபேசியில், "அவளுக்கு உடம்பு ஏத்துக்கல போல," என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான், "இல்லைங்க அத்தை, என்கிட்டதான் குறை," என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவர் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான்கு வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் சொல்லிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம்தான் பாட்டியைப் பார்க்கப் போனது. எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, எண், ஊசி, பொன்னுக்கு வீங்கி வந்தால் என்ன ஆகலாம் என்பது எல்லாமே. பாட்டி வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் செத்து முப்பது வருஷமாயிற்று. பெரிய அண்ணி அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். சின்ன அண்ணிக்கு எழுபத்தேழு வயது, தங்கச்சி மகள் வீட்டில் இருக்கிறார். வளைகாப்புக்கோ தொட்டில் போடுகிற விசேஷத்துக்கோ அவராகவே இன்றும் போவதில்லை.

"அவளுக்குப் போன் போட்டுத் தா," என்றார் பாட்டி.

போட்டுக் கொடுத்தேன். அரைமணி நேரம் பேசினார்கள். முட்டி வலி, மீன் விலை, யார் வீட்டில் கல்யாணம், தீபாவளிக்கு எங்கே. நடுவில் ஒருமுறை பாட்டி, "அண்ணி, ஒரு விஷயம்," என்று தொடங்கி என்னைப் பார்த்தார். பிறகு, "அண்ணனுக்குப் போட்டாங்களே என் சங்கிலி, அது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.